மணலும் சிலேட்டும்: மலையகத் தோட்டங்களில் விளையாட்டும் எழுத்தறிவும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இலங்கையின் பெருந்தோட்டக் கல்வி பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பாலானவை பாடசாலைகளின் தொகை, ஆசிரியர் பற்றாக்குறை, மாணவர் இடைவிலகல், அரசு பொறுப்பேற்றமை ஆகியவற்றையே பொருளாகக் கொண்டுள்ளன. அவை யாவும் பேசப்பட வேண்டியவையே. ஆயின், அட்டனிலோ தலவாக்கலையிலோ நுவரெலியாவிலோ ஒரு லயத்துப் பிள்ளை ‘அ’ என்னும் எழுத்தை முதன்முதலில் எவரிடம், எவ்விடத்தில், எவ்வாறு கற்றது என்னும் எளிய வினா அத்துணை அழுத்தமாக எழுப்பப்படவில்லை. இவ்வினாவுக்கு விடை தேடப் புகும்போது, எழுத்தறிவித்தலில் விளையாட்டுக்குரிய இடம் யாது என்பதையும் நாம் ஆராய வேண்டியவராகின்றோம்.

விளையாட்டுவழி எழுத்துக் கற்பித்தல் மேனாட்டிலிருந்து அண்மையில் வந்த புதுமை என்பது ஒரு சாரார் கருத்து. தோட்டத்துப் பிள்ளைகள் மொழிவளம் குன்றிய சூழலில் வளர்வதால் எழுத்தைப் பற்றிக்கொள்ள இடர்ப்படுகின்றனர் என்பது மற்றொரு சாரார் கருத்து. இவ்விரண்டும் வரலாற்றுக்குப் பொருந்துவன அல்ல என்பதே எமது நிலைப்பாடு. லயத்தில் விளையாட்டும் மொழியும் குறைவின்றி இருந்தன. குறைவாயிருந்தது நேரம். அந்நேரம் பிள்ளைக்குரியதாக இராமல் தோட்டத்துக்குரியதாக இருந்தமையே எழுத்தையும் விளையாட்டையும் பிரித்து வைத்தது. இதனைச் சில சான்றுகளால் நிறுவ முயல்வோம்.

மணலில் எழுதிய விரல்

தமிழ்நாட்டின் திண்ணைப் பள்ளிகளில் எழுத்துக் கற்றல் மணலில் தொடங்கிற்று. தரையில் மணலைப் பரப்பி, ஆசிரியரோ மூத்த மாணவனோ பிள்ளையின் விரலைப் பற்றி எழுத்தின் வடிவத்தை வரையச் செய்வர். பிள்ளை எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லியவாறே விரலை நகர்த்தும். கண், காது, வாய், விரல் ஆகிய நான்கும் ஒருங்கே தொழிற்படும் முறை இது. பிழையானால் உள்ளங்கையால் தடவிவிட்டு மீள எழுதலாம். பிழைக்குத் தண்டமில்லை என்பதே விளையாட்டின் முதல் இலக்கணம். அவ்விலக்கணம் மணலுக்கு இயல்பாகவே இருந்தது.

இம்முறை உலகக் கல்வி வரலாற்றிலும் இடம்பெற்றது. 1789இல் சென்னை எழும்பூரிலிருந்த படைவீரர் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற ஸ்கொட்லாந்தியரான அன்ட்ரூ பெல், தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, தமது பள்ளியிலும் அதனைப் புகுத்தினார். மூத்த மாணவன் இளையோனுக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையையும் அவர் வளர்த்தெடுத்தார். 1797இல் இலண்டனில் வெளியான அவரது நூலின் வழியாக இது ‘சென்னை முறை’ எனப் பெயர் பெற்று, இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளிற் பரவியது. ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள் மணற்றட்டில் எழுத்துக் கற்றமைக்குப் பின்னால் தமிழகத்துத் திண்ணையொன்று இருந்தது என்பது பலர் அறியாத செய்தி.

ஆயினும் திண்ணைப் பள்ளியை நாம் மிகைப்படப் போற்றுதல் தகாது. பிரம்பும் நெட்டுருவும் அதன் மறுபக்கம். அதனினும் முக்கியமானது, அத்திண்ணையில் ஏறும் உரிமை எல்லோர்க்கும் இருக்கவில்லை என்பது. 1820கள் முதல் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலைச் செய்கையைத் தொடக்கிய பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் வந்துசேர்ந்த தொழிலாளருட் பெருந்தொகையினர் சாதியாலும் நிலமின்மையாலும் ஒடுக்கப்பட்டோராவர். அவர்களுடைய பிள்ளைகளுக்குச் சொந்த ஊரிலும் அந்த மணல் மறுக்கப்பட்டிருந்தது. எனவே அவர்கள் இங்கு ‘மரபை இழந்தனர்’ என்று கூறுவதிலும், முன்னரே மறுக்கப்பட்ட ஒன்று இங்கும் மறுக்கப்பட்டது என்று கூறுவதே பொருந்தும்.

மலைநாட்டில் திண்ணைப் பள்ளியின் தொடர்ச்சியாக அமைந்தது லயப்பள்ளி. எழுதப்படிக்கத் தெரிந்த ஒருவர், கங்காணியின் ஆதரவில், வேலை முடிந்த மாலையில் லயத்து இஸ்தோப்பில் சில பிள்ளைகளையும் பெரியோரையும் கூட்டி அரிச்சுவடியும் புராணக் கதைகளும் படிப்பித்தார். மறுபுறம், 1854இல் தோட்டத்துரைமாரின் ஆதரவுடன் தொடங்கப்பெற்ற ‘தமிழ்க் கூலி மிசன்’ சமயப் பணியோடு பள்ளிகளையும் நடத்திற்று. அதன் பெயரே அக்காலத்து மனப்பாங்கைக் காட்டப் போதுமானது.

1907: ஓர் ஆண்டு, இரு நிகழ்வுகள்

1907ஆம் ஆண்டு எமது பொருளுக்கு இருவகையில் முக்கியமானது. அவ்வாண்டு சனவரியில் இத்தாலியின் உரோம் நகரில், சன் லொறென்சோ என்னும் தொழிலாளர் குடியிருப்பில், மரியா மொன்ரிசோரி ‘சிறுவர் இல்லம்’ ஒன்றைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் கவனிப்பாரின்றித் திரிந்த பிள்ளைகளுக்கென அமைக்கப்பட்ட இடம் அது. ஈண்டு அவர் உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளைகளின் விரலால் தடவச் செய்தார். எழுத்தைத் தொட்டு, அதன் ஒலியைச் சொல்லி, பின்னர் நகர்த்தக்கூடிய எழுத்துகளால் சொற்களை அமைத்து விளையாடிய நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் தாமாகவே எழுதத் தொடங்கியமை உலகின் கவனத்தை ஈர்த்தது. மணலில் ஊர்ந்த விரலுக்கும் உப்புத்தாளில் ஊர்ந்த விரலுக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. பிள்ளை விரும்பும்வரை அதைச் செய்துகொண்டிருக்க விட்ட சுதந்திரமே வேறுபாடு.

அதே 1907இல் இலங்கையில் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் நிறைவேறிற்று. தோட்டத்தில் வேலைசெய்வோரின் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்க ஏற்பாடு செய்வதும் அதற்கென ஓர் அறையை ஒதுக்குவதும் தோட்டத்துரையின் கடமை என அச்சட்டம் கூறிற்று. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் இக்கடமையை மேலும் உறுதிசெய்தது. சட்டத்தின் சொற்களில் கல்வி இருந்தது. நடைமுறையில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புகள், சில மணி நேரம் என்பதே தோட்டப் பள்ளியின் உருவமாயிற்று. அவ்வாசிரியரும் தோட்ட நிருவாகத்தின் ஊழியராகவே கணிக்கப்பட்டார்.

இரண்டு நிகழ்வுகளும் தொழிலாளர் பிள்ளைகளைப் பற்றியன. பெற்றோரின் உழைப்பு நேரத்தில் பிள்ளைகளை எங்கே வைத்திருப்பது என்ற ஒரே சிக்கலிலிருந்து எழுந்தன. விளைவுகள் வேறுபட்டமைக்குக் காரணம் கற்பித்தல் முறை பற்றிய அறியாமை மட்டுமன்று. தோட்டத்தில் பிள்ளை நாளைய தொழிலாளியாக மட்டுமன்றி இன்றைய தொழிலாளியாகவும் கருதப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிக் கட்டளைச் சட்டத்தின்கீழ் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வகுக்கப்பட்ட நாட்கூலி, ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். பிள்ளையின் உழைப்புக்குச் சட்டத்திலேயே விலை குறிக்கப்பட்டிருந்த சமுதாயத்தில், பிள்ளையின் விளையாட்டு வீண்பொழுதாகவே தோன்றும். பத்து வயதில் முடிந்துவிடும் கல்வியில் விளையாட ஏது நேரம்? ஆதலால் சிலேட்டு வந்தது, மணல் போயிற்று. எழுத்துகளை வரிசையாக ஓதி, ஓதியதைச் சிலேட்டில் எழுதி, பிழைக்கு அடி வாங்குவதே ‘படிப்பு’ என நிலைபெற்றது.

மணலின் சாயல் ஒரு நாள் மட்டும் எஞ்சிற்று. விசயதசமியன்று கோயிலில் ஏடு தொடக்கும்போது தட்டில் பரப்பிய அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிப்பர். தாயின் மடி, பூ, பொங்கல், விரலுக்கடியில் அரிசியின் நெருடல் எல்லாம் சேர்ந்த அந்த முதல் எழுத்தைப் பிள்ளை மகிழ்ச்சியோடு ஏற்றது. அடுத்த நாள் அதே எழுத்து பிரம்போடு வந்தது.

லயத்தின் விளையாட்டுச் செல்வம்

லயத்துப் பிள்ளை மொழியற்ற பிள்ளை அன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம் வாழ்ந்தது என்பது பலமுறை கூறப்பட்ட உண்மை. அந்நெருக்கத்தின் மறுபக்கமாகப் பிள்ளையின் காதில் ஓயாது மொழி விழுந்துகொண்டிருந்தது. தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, காமன் கூத்துப் பாட்டு, விடுகதை, கொழுந்து எடுக்கையிற் பாடும் பாட்டு யாவும் அச்சூழலில் உயிரோடிருந்தன. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்தளித்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் இச்செல்வத்தின் ஒரு பகுதியை எமக்குக் காட்டுகின்றன.

பிள்ளைகளின் சொந்த விளையாட்டுகளும் பல. கிட்டிப்புள், பாண்டி, பல்லாங்குழி, கண்ணாம்பூச்சி, மண்சோறு ஆக்குதல் என்பன அவற்றுட் சில. எவர் முதலில் ஆடுவது என எண்ணித் தெரிவதற்குரிய பாட்டுகளில் எதுகையும் மோனையும் தாமாக அமைந்துள்ளன. ‘கல்’, ‘கண்’, ‘கடை’ என்பன ஒரே ஒலியில் தொடங்குகின்றன என்பதைக் காதால் உணராத பிள்ளைக்குக் ‘க’ என்னும் வடிவம் வெறும் கோடுகளே. எண்ணுபாட்டும் விடுகதையும் அவ்வுணர்வை முன்கூட்டியே ஊட்டுகின்றன. எழுத்தின் வருகைக்கு முன்னரே நிலம் பண்பட்டிருக்கின்றது என்பதே இதன் கருத்து.

சோவியத் உளவியலாளர் வைகோற்ஸ்கி, 1933இல் பிள்ளை விளையாட்டுப் பற்றி ஆற்றிய விரிவுரையிலும், எழுத்து மொழியின் முன்வரலாறு பற்றிய ஆய்விலும், இதனைக் கோட்பாட்டு நிலையில் விளக்கினார். குச்சியைக் குதிரையாகக் கொண்டு ஓடும் பிள்ளை, ஒரு பொருளை இன்னொன்றின் குறியாகக் கொள்ளப் பழகுகின்றது. எழுத்தும் குறியே. சைகை, பாவனை விளையாட்டு, சித்திரம், எழுத்து என இவை ஒரே கோட்டில் வளர்வன. அவ்வாறாயின், வாசலில் ஒரு பிள்ளை துரையாகவும் மற்றொன்று கணக்கப்பிள்ளையாகவும் நின்று, சுள்ளியைப் பேனாவாக்கி இலையில் ‘பேர்’ பதியும்போது, அது எழுத்தின் வாசற்படியில் நிற்கின்றது எனலாம். பள்ளி அப்பிள்ளையை அங்கிருந்து உள்ளே அழைத்திருக்க வேண்டும். அது செய்தது, வாசலை மறந்துவிடச் சொன்னதே.

பாடநூலும் இதற்குத் துணைபோயிற்று. அரிச்சுவடிப் படங்களில் வழமையாக வரும் ‘ஓடம்’ மலைச்சரிவிற் பிறந்த பிள்ளை காணாத பொருள். ‘இலை’ அது நாளும் காணும் பொருள். ஆனால் அதன் வீட்டில் அதற்குப் பெயர் ‘கொழுந்து’. இன்னுமொன்று கூர்ந்து நோக்கத்தக்கது. தமிழ் இலக்கண மரபின்படி ட, ர, ல முதலிய எழுத்துகள் சொல்லின் முதலில் வாரா. ஆனால் தோட்டத்துப் பிள்ளை தான் வாழும் வீட்டை ‘லயம்’ என்கின்றது. தொழிற்சாலை இயந்திரத்தை ‘ரோதை’ என்கின்றது. ‘இலயம்’ என எழுதி மரபைக் காப்போரும் உளர். எவ்வாறாயினும், தன் வீட்டின் பெயரே அகரவரிசையில் இடம்பெறாத ஒரு பிள்ளைக்கு, எழுத்து தன்னைப் பற்றியதன்று என்ற எண்ணம் முதல் நாளிலேயே தோன்றிவிடுகின்றது.

தமிழ் எழுத்தின் இயல்பும் விளையாட்டின் தொழிற்பாடும்

விளையாட்டு எழுத்தறிவுக்கு எவ்வாறு உதவுகின்றது என்பதை எமது எழுத்தின் இயல்பிலிருந்தே விளக்குதல் தகும். தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, உயிர்மெய் 216, ஆக 247 எழுத்துகள் உள. நெட்டுரு முறை இந்த 247ஐயும் தனித்தனிப் பாரமாகப் பிள்ளையின் தலையில் ஏற்றுகின்றது. உண்மையில் பிள்ளை அறிய வேண்டியது 30 எழுத்துகளும் அவை சேரும் நெறியுமே. நெறியை ஓதுவதாற் கற்பதிலும் சேர்த்துப் பார்ப்பதாற் கற்பது எளிது.

மெய்யெழுத்து அட்டையோடு ஒரு பிள்ளையும் உயிரெழுத்து அட்டையோடு இன்னொரு பிள்ளையும் ஓடிவந்து கைகோத்தால், வட்டத்தில் நிற்போர் பிறக்கும் உயிர்மெய்யைக் கூவ வேண்டும் என்பது ஓர் எளிய ஆட்டம். கைகோத்த இருவர் பிரிந்து வேறிருவரோடு சேரும்போது நெறி உடலாலேயே விளங்கிவிடும். ‘கொ’ என்பதில் ஒலி ககரத்தில் தொடங்குகின்றது. எழுத்தோ கொம்பில் தொடங்கிக் காலில் முடிகின்றது. கேட்கும் ஒழுங்கும் எழுதும் ஒழுங்கும் முரண்படும் இவ்விடத்தில் பல பிள்ளைகள் தடுமாறுவர். கொம்பாக ஒருவர், ககரமாக ஒருவர், காலாக ஒருவர் என மூவர் வரிசையில் நின்றால், ககரம் நடுவில் நிற்பதைப் பிள்ளை கண்ணாற் காண்கின்றது. பத்து முறை அடித்துத் திருத்தியும் நில்லாதது ஒரு முறை நின்று பார்த்ததில் நிற்கும்.

பாண்டிக் கட்டங்களில் எண்களுக்குப் பதிலாக எழுத்துகளை எழுதலாம். பெரிதாகத் தரையில் வரைந்த ‘ட’வின் மேலும் ‘ப’வின் மேலும் நடக்கச் செய்யலாம். கோடுகளால் ஆன இவ்வகை எழுத்துகளை முதலிலும், சுழியும் வளைவும் உடைய ‘இ’, ‘ஐ’, ‘ஞ’ முதலியவற்றைப் பின்னரும் அறிமுகஞ்செய்தல் கைக்குப் பொருந்தும். தேயிலைக் காய்களை அடுக்கி எழுத்து வடிவம் அமைக்கலாம். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. ல–ள–ழ, ர–ற, ன–ண வேறுபாடுகள் பேச்சில் மங்கியிருப்பதால், அவற்றைச் சொற்களின் வழியே விளையாட்டாகப் பிரித்தறியப் பயிற்றுதல் வேண்டும்.

விளையாட்டு எல்லாவற்றையும் செய்துவிடும் எனவும் நாம் கூற வரவில்லை. ஆட்டத்தின் முடிவில் எழுத்து தாளில் இறங்க வேண்டும். வாசிப்புக்கு நூல் வேண்டும். ஆடி முடித்த பிள்ளைக்கு வாசிக்க எதுவும் கிடையாவிடின், கற்ற எழுத்து மறைந்துவிடும். பிள்ளையின் நாட்டத்தை அறிந்து ஆட்டத்தை நிறுத்தவும் மாற்றவும் தெரிந்த ஆசிரியர் இன்றியமையாதவர். ஐந்து வகுப்புகளை ஓர் அறையில் வைத்துக் காத்த தனியாசிரியரிடம் இதனை எதிர்பார்த்தல் நியாயமன்று. குற்றம் அவருடையதன்று.

பிள்ளைக்காம்பராவிலிருந்து முன்பள்ளி வரை

பிள்ளை எழுத்தைச் சந்திக்கும் வயதுக்கு முன்னர் அதன் பகற்பொழுது பிள்ளைக்காம்பராவிற் கழிந்தது. விடியலில் பிரட்டுக்குச் செல்லும் தாய், பிள்ளையை அங்கு விட்டுச் செல்வாள். கொழுந்து கிள்ள முடியாத வயதினரான ஒரு பெண் அங்கே ஆயாவாக இருப்பாள். தோட்ட நிருவாகத்தின் கணக்கில் அது தாயின் உழைப்பைத் தடையின்றிப் பெறுவதற்கான ஏற்பாடு. ஆயினும் பாட்டும் கதையும் விளையாட்டுக் காட்டலும் அறிந்த அந்த ஆயா, தோட்டத்தின் முதல் மொழியாசிரியை ஆவாள். அவளை ஆசிரியையாக எவரும் கருதவில்லை. அதற்குரிய பயிற்சியும் ஊதியமும் அவளுக்குக் கிடைக்கவில்லை.

1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோது அதன் பயன் தோட்டப் பாடசாலைகளை உரியவாறு எட்டவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தொழிலாளரின் குடியுரிமையைப் பறித்தது. வாக்கற்ற மக்களின் பள்ளியைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டிய கட்டாயம் எந்த அரசுக்கும் இருக்கவில்லை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1970களின் பிற்பகுதி முதல் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கல்வி அமைப்பினுட் கொண்டுவரப்பட்டன. 1980களில் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் வந்தன. 1990களில் பத்தனையில் சிறீபாத கல்வியியற் கல்லூரி, ஜேர்மனியின் உதவியுடன், மலையகத்துக்கு ஆசிரியரைப் பயிற்றத் தொடங்கியது.

இதே காலத்தில் பிள்ளைக்காம்பராக்கள் பல சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாகப் பெயரும் உருவும் மாறின. பயிற்சிபெற்ற இளம்பெண்கள் அவற்றின் பொறுப்பை ஏற்றனர். 1991இல் இலங்கை ஏற்றுறுதி செய்த சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆம் உறுப்புரை விளையாட்டைப் பிள்ளையின் உரிமையாகவே கூறுகின்றது. 1990களின் இறுதியில் நடைமுறையான ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதல் இரு வகுப்புகளில் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்னும் மூன்றையும் இணைத்து, விளையாட்டுக்கு முதன்மை அளித்தது. திண்ணையில் இருந்ததும் உரோமில் மீளக் கண்டறியப்பட்டதும் நெடுங்காலத்தின் பின் பாடத்திட்டத்தில் இடம்பெற்றன.

ஆயினும் கொள்கை வேறு, நடைமுறை வேறு. பரீட்சை அச்சம் கீழ்வகுப்புகளை நோக்கி இறங்கும்போது, முன்பள்ளியிலேயே எழுதிய தாளைக் கேட்கும் பெற்றோரைக் காண்கின்றோம். அவர்களைக் குறைகூறுதல் எளிது. எழுத்து ஒன்றே லயத்திலிருந்து வெளியேறும் வழி எனக் கண்ட தலைமுறையினர் அவர்கள். விளையாட்டை அவர்கள் ஐயுறுவது பட்டறிவின் விளைவே. விளையாட்டில் எழுத்து இருக்கின்றது என்பதை அவர்களுக்குக் காட்டுதல் ஆசிரியரின் பணியாகும்.

முடிவுரை

தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்பது பெயர். செக்றோலில் பதியப்பட்டால் பேர் விழுந்தது. குறித்த இறாத்தல் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். எழுதத் தெரியாத தொழிலாளி தன் பேர் முழுதா அரையா என்பதைக் கணக்கப்பிள்ளையின் வாய்ச்சொல்லாலேயே அறிந்தான். சம்பளத்துக்கும் குடியுரிமை விண்ணப்பத்துக்கும் பெருவிரலை ஒற்றினான். எழுத்தறிவு இம்மக்களுக்கு அலங்காரமாக இருந்ததில்லை. தம் உழைப்பைத் தாமே எண்ணிக்கொள்ளும் ஆற்றல் அது.

ஆதலால், பிள்ளை முதன்முதல் எழுதும் சொல் அதன் சொந்தப் பெயராக இருத்தல் வேண்டும் என்பதை இவ்வாய்வின் பயனாக முன்வைக்கின்றோம். தன் பெயரின் எழுத்துகளை மணலிற் கீறி, காய்களால் அடுக்கி, தோழரின் பெயரெழுத்துகளோடு மாற்றிச் சேர்த்து விளையாடும் பிள்ளை, எழுத்தைப் பிறர் உடைமையாகக் கருதாது. இதற்கு வேண்டியன சிறிது மணல், மழைக்கு ஒதுங்க ஓர் அகன்ற கூடம், பயிற்சியும் உரிய ஊதியமும் பெற்ற ஆசிரியை, இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் பிள்ளையின் பொழுது பிள்ளைக்கே உரியது என்னும் உடன்பாடு. முதல் மூன்றையும் நன்கொடையாகவேனும் பெறலாம். நான்காவதைத் தோட்டச் சமுதாயமே கேட்டுப் பெறுதல் வேண்டும்.